நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள் – கடிதம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். உங்கள் கட்டுரைகளைப் பல வருடமாகப் படித்துவருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் அப்பா போன ஆவணியில் இறந்துவிட்டார். மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் அவர் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. ‘பிளட்காரர் வீடு’ என்றால் எந்த ஆட்டோக்காரரும் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். முப்பது வருடத்துக்கு மேல், யாருக்கு ரத்தம் வேண்டும் என்றாலும் ஆள் பிடித்துக் கொடுத்தார். ஏழைப் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வசூல் செய்தார். அநாதைப் பிணங்களை அடக்கம் செய்தார். அதே சமயம் குடும்பத்தின் மேல் உயிரையே வைத்திருந்தார். எங்கள் மூவரில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அன்று ராத்திரி அவர் தூங்க மாட்டார்.

முதலாண்டு நினைவு நாளுக்கு மலர் ஒன்று கொண்டுவருகிறோம். ஆர்ட் பேப்பரில் 64 பக்கம். ‘குடும்பத்தையும் சமூகத்தையும் இரு கண்களாகப் போற்றிய மாமனிதர்’ என்று முன்னுரை எழுதியிருக்கிறேன். தலைப்பு ‘சேவைச் செம்மல்’ என்று வைக்கலாமா, ‘தியாகச் சுடர்’ நன்றாக இருக்குமா? வாழ்த்துச் செய்திகளில் யாருடையதை முதலில் போடுவது? அப்பா பெயரில் அறக்கட்டளை தொடங்குவது பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

அம்மாவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். ஆனால் அம்மாவுக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை. “என்னத்தைச் சொல்ல” என்கிறார். பாவம், ஆயுசு முழுக்க அப்பாவுக்குப் பின்னால் நின்றே பழகிவிட்டார். அதனால் அவர் சொல்வதுபோல நாங்களே எழுதிவிடலாம் என்று இருக்கிறோம்.

இன்னொன்று. நான் பொறியியல் கவுன்சிலிங்குக்குச் சென்னை போனபோது அப்பா கூட வருவதாக இருந்தது. கிளம்புகிற அன்று சாயங்காலம் யாருக்கோ ரத்தம் வேண்டும் என்று போய்விட்டார். மாமாவோடு போனேன். என்ன பிரிவு எடுப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை, ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன். இதை மலரில் எழுதலாமா? எழுதினால் அப்பாவை அவமதித்தது போல ஆகிவிடுமா?

அலமாரியை ஒழித்தபோது அப்பாவின் ரத்த வகை நோட்டு ஒன்று கிடைத்தது. வெறும் பெயர்களும் எண்களும்தான். மலருக்கு உதவாது என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
க.

*

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை கண்ணீர் வந்தது. இரண்டாம் முறை கோபம் வந்தது. மூன்றாம் முறை படிக்கும்போது என் அம்மாவின் டிரங்குப் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. கோபத்தை முதலில் கொட்டிவிடுகிறேன் தம்பி, மற்றதை அப்புறம் நிதானமாகச் சொல்கிறேன்.

செம்மலும் வேண்டாம், சுடரும் வேண்டாம். ஊரே கூடி அவருக்கு ‘பிளட்காரர்’ என்று ஒரு பட்டம் கொடுத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு அச்சகத்துக்காரர் அட்டவணையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பட்டத்துக்கு ஏன் அலைகிறீர்கள்? வாழ்த்துச் செய்திகளில் யாருடையது முதலில் வந்தாலும் அனுப்பியவரைத் தவிர வேறு யாரும் அந்தப் பக்கத்தைப் பார்க்கப்போவதில்லை. அறக்கட்டளைக்கு ஆடிட்டரைக் கேளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆர்ட் பேப்பர், தலைப்பு, வாழ்த்துச் செய்தி, அறக்கட்டளை எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கடைசியில் கைகழுவுகிற மாதிரி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். “ரத்த வகை நோட்டு ஒன்று கிடைத்தது. வெறும் பெயர்களும் எண்களும்தான்.”

வெறும்!

அந்த 64 பக்கத்தில் உங்கள் அப்பா இருக்கப்போவது அந்த நோட்டில் மட்டும்தான் தம்பி. முப்பது வருடம் ரத்தம் ஏற்பாடு செய்தார் என்று எழுதுகிறீர்கள். எப்படிச் செய்தார்? ரத்தம் என்ன குழாயைத் திறந்தால் வருவதா? 1990-களின் நடுப்பகுதி வரை இந்தியாவில் ரத்தம் விலைக்கு வாங்கக்கூடிய சரக்கு. பெரிய ஆஸ்பத்திரி வாசல்களில் அதற்குத் தரகர்கள் இருந்தார்கள். பட்டினி கிடக்கிறவன் போன வாரம் கொடுத்துவிட்டு, இந்த வாரம் வேறு பெயரில் வந்து மறுபடியும் கொடுப்பான். அவன் உடம்பில் ரத்தமே இருக்காது, இருப்பதில் மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கும். உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரியில் ஒரு தீர்ப்புச் சொல்லி, 1998 ஜனவரி 1 முதல்தான் காசுக்கு ரத்தம் கொடுப்பது ஒழிக்கப்பட்டது. உங்கள் அப்பா முப்பது வருடத்துக்கு மேல் செய்தார் என்றால், அந்தத் தரகர்கள் வாசலில் நின்ற காலத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். காசில்லாமல் ரத்தம் கொடுக்க ஆள் சேர்த்த ஒரு வயர்மேனை அவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்? இதெல்லாம் உங்கள் முன்னுரையில் எங்கே இருக்கிறது?

நோட்டைத் திறந்து பாருங்கள். நான் பார்த்ததில்லை, ஆனாலும் சொல்கிறேன். பெயருக்குப் பக்கத்தில் தேதிகள் வரிசையாக இருக்கும். ஒருவர் ஒருமுறை கொடுத்தால் மூன்று மாதம் அவரைத் தொடக் கூடாது என்பதற்கான கணக்கு அது. சில எண்களுக்குப் பக்கத்தில் ‘பி.பி.’ என்று போட்டிருக்கும். உங்கள் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்கும். போன் அந்த ஆளுடையது இல்லை, நாலு வீடு தள்ளி இருப்பவருடையது. பக்கத்து வீட்டுக்காரர் போனை எடுத்து, எரிச்சல் படாமல், தெருவில் இறங்கிப் போய்க் கூப்பிட்டு வர வேண்டும். அப்படியென்றால் நோட்டில் இருக்கிற ஒவ்வொரு பி.பி. எண்ணுக்குப் பின்னாலும் இன்னொரு நல்ல மனிதர் இருக்கிறார். ஓ நெகட்டிவ் ஆட்களுக்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருப்பார், நம் ஊரில் அது அவ்வளவு அரிது. சில பெயர்களைக் குறுக்கே அடித்திருப்பார், இறந்திருப்பார்கள். சில பெயர்களுக்கு நேரே ‘திருப்பூர்’ என்றோ ‘துபாய்’ என்றோ எழுதியிருப்பார். ஒரு ஊர் எப்படிக் காலியானது என்பதுகூட அதில் இருக்கும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மலரின் முதல் பக்கமாக அந்த நோட்டின் ஒரு பக்கத்தைத்தான் போடுவேன். பெயர்களையும் எண்களையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். ஒருவருடைய ரத்த வகை அவருடைய சொந்த விஷயம். தேதிகளை மட்டும் விட்டுவையுங்கள்.

அப்புறம் உங்கள் ‘இரு கண்கள்’. தமிழ்நாட்டில் இறந்துபோன எந்த நல்ல மனிதருக்கும் இந்த இரண்டு கண்கள் உண்டு. குடும்பம் ஒரு கண், சமூகம் ஒரு கண். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ வாசலைத் தட்டுகிறார்கள், பிரசவத்தில் ரத்தப்போக்கு, பி நெகட்டிவ் வேண்டும் என்கிறார்கள். அப்போது கதவைத் திறந்தது எந்தக் கண்? இந்தப் பிரிவினையே பொய். ஆபீசும் சிப்பந்தியும் இல்லாத ஒரு மனிதர் பொது வேலை செய்தால் அவருடைய வீடுதான் ஆபீஸ், வீட்டில் இருப்பவர்கள்தான் சிப்பந்திகள். சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்கள் கடிதம் வந்த வாரம் நான் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு கல்யாணத்துக்காகச் சின்னாளப்பட்டிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ் காந்திகிராமத்தில் நின்றது. கூட வந்த பிள்ளைகளிடம், ஏழைகளின் நிலத்துக்காகப் போராடிய ஜெகந்நாதனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவரை மட்டும் தனியாகச் சொல்லவே முடியவில்லை. ஒவ்வொரு இரண்டாவது வாக்கியத்திலும் அவர் மனைவி கிருஷ்ணம்மாள் வந்து நின்றுகொண்டார்.

எஸ். ஜெகந்நாதன் வசதியான வீட்டுப் பிள்ளை. 1930-இல் காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரிப் படிப்பை விட்டவர். நாடு விடுதலை பெறும் வரை கல்யாணம் இல்லை என்று இருந்தார். 1950 ஜூலையில் கிருஷ்ணம்மாளை மணந்தார். கிருஷ்ணம்மாள் எங்கள் திண்டுக்கல் பக்கத்துப் பெண். நிலமில்லாத தலித் குடும்பத்தில் 1926-இல் பிறந்து, காந்திகிராமத்தை உருவாக்கிய டாக்டர் சௌந்தரத்தின் அரவணைப்பில் பட்டம் வரை படித்தவர். கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே ஜெகந்நாதன் வினோபா பாவேயோடு நடக்க வடக்கே போய்விட்டார். கிருஷ்ணம்மாள் சென்னையில் ஆசிரியர் பயிற்சியை முடித்தார். பிறகு 1953 முதல் 1967 வரை இருவருமே வினோபாவின் பூதான இயக்கத்தில், அதாவது நிலம் உள்ளவர்களிடம் தானமாகக் கேட்டு வாங்கி இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் இயக்கத்தில். (பூதானத்தைப் பற்றி எனக்குச் சில சந்தேகங்கள் உண்டு. பெரிய மனிதர்கள் மனமுவந்து கொடுத்த நிலத்தில் கணிசமானது பாறையும் கரடும். அது வேறு சண்டை.)

1968 டிசம்பர் 25 ராத்திரி கீழத் தஞ்சையின் கீழ்வெண்மணியில் கூலித் தகராறில் 44 பேரை ஒரே குடிசையில் வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அதன் பிறகு இருவரும் தங்கள் வேலையைக் கீழத் தஞ்சைக்கே மாற்றிக்கொண்டார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில் ஜெகந்நாதன் பீகாரில் சிறையில் இருந்தார். 1981-இல் இருவரும் சேர்ந்து ‘லாஃப்டி’ என்ற நில உரிமை அமைப்பைத் தொடங்கினார்கள். நிலத்தை இனாமாகக் கேட்பதை விட்டுவிட்டு, மிராசுதாரிடம் பேரம் பேசி, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, உழுகிற குடும்பத்துக்கு ஏறக்குறைய ஒரு ஏக்கர் வீதம் வாங்கிக் கொடுப்பது. பட்டா பெண்கள் பெயரில். அப்படி ஏறத்தாழ 13,000 குடும்பங்களுக்கு நிலம் போய்ச் சேர்ந்தது. பிள்ளைகள் இருவரையும் வளர்த்துப் படிக்கவைத்ததும் இதே வருடங்களில்தான். மகனுக்கு வைத்த பெயரிலேயே பூமி இருக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்த இடம். தொண்ணூறுகளில் அந்தக் கீழத் தஞ்சைக் கடற்கரை முழுக்க இறால் பண்ணைகள் வந்தன. வயலை வெட்டிக் குளமாக்கி உப்புத் தண்ணீரை ஏற்றினார்கள். பக்கத்து வயல் கெட்டது, குடிதண்ணீர் கெட்டது. ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11-இல் தீர்ப்பு. கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் கட்டிய இறால் பண்ணைகளை இடிக்க வேண்டும், விளைநிலத்தையும் உப்பளத்தையும் இறால் குளமாக்கக் கூடாது, வேலை இழக்கும் தொழிலாளிக்கு ஆறு வருடச் சம்பளத்தை நட்ட ஈடாகக் கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. (அந்தத் தீர்ப்பைச் சட்டத்தால் எப்படி வளைத்தார்கள் என்பதையும் இங்கே எடுத்தால் பதில் முடியாது.) வழக்கின் பெயர் ‘எஸ். ஜெகந்நாத் எதிர் இந்திய ஒன்றியம்’. இன்றும் சட்டக் கல்லூரிகளில் அந்தப் பெயரில்தான் படிக்கிறார்கள். கரையில் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பண்ணைகளை எதிர்த்து உட்கார்ந்த கிருஷ்ணம்மாளின் பெயர் அந்தத் தலைப்பில் இல்லை. கோர்ட்டைக் குறை சொல்லவில்லை. வழக்கின் தலைப்பில் மனுப் போட்டவர் பெயர்தான் வரும். 2008-இல் ‘மாற்று நோபல்’ என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹூட் விருது வந்தபோது இரண்டு பெயரையும் சேர்த்தே கொடுத்தார்கள். 2013 பிப்ரவரியில் ஜெகந்நாதன் இறந்தார். 2020-இல் கிருஷ்ணம்மாளுக்குப் பத்மபூஷண் வந்தது. அந்த அம்மாவைப் பார்த்து “கணவருக்குப் பின்னால் நின்றவர்” என்று யாராவது சொல்லிவிட முடியுமா?

உங்கள் அம்மாவைப் பற்றி மட்டும் எப்படித் தம்பி அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள்?

அப்பா பகலெல்லாம் கம்பத்தின் மேல். செல்போன் இல்லாத காலம். ஆள் வீடு தேடி வருவான். அப்போது நோட்டைப் புரட்டியது யார்? “ஏ பாசிட்டிவா, கிழக்குத் தெரு டெய்லரிடம் போ, அவர் போன மாதம்தான் கொடுத்தார் என்று சொன்னால் தாலுகா ஆபீஸ் எதிரில் டீக்கடைத் தம்பியைப் பார்” என்று சொல்லி அனுப்பியது யார்? நான் பந்தயம் கட்டுகிறேன். நோட்டை எடுத்துக் கையெழுத்தைப் பாருங்கள். பாதிக்குப் பாதி அம்மா எழுத்தாக இருக்கும்.

எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்? எனக்கு அந்தப் பாடம் நாற்பது வருடம் தாமதமாகக் கிடைத்தது.

என் அப்பா வத்தலக்குண்டு பக்கம் ஒரு கிராமத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். ஊரில் அவருக்கு ‘மனு வாத்தியார்’ என்று பெயர். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதுவதுதான் அவருடைய பெரிய வேலை. இந்தத் திட்டம் தமிழ்நாட்டில் 1962-இல் வந்தது. ஆரம்பத்தில் மாதம் 20 ரூபாய். இருபது ரூபாய்தானே என்று நினைக்காதீர்கள். அந்த மணியார்டர் வருகிற கிழவிக்கு மருமகள் சோற்றை முகம் சுளிக்காமல் வைப்பாள். ஆனால் அது கிடைக்க வயதுக்குச் சான்று வேண்டும், ஆதரவு இல்லை என்பதற்குச் சான்று வேண்டும். 1980 கடைசியில் பரம்பரைக் கர்ணம் (கிராமக் கணக்குப்பிள்ளை), மணியம் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழிக்கும் வரை அதற்கெல்லாம் கர்ணத்தின் தயவு வேண்டும். பிறந்த தேதியைக் கேட்டால் “தாது வருசப் பஞ்சத்துக்குப் பொறவு எங்கம்மா பெத்தது” என்று சொல்கிறவளுக்கு எந்தச் சான்றைக் காட்டுவது?

எங்கள் வீட்டு முன்னறையில் எப்போதும் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். மனு எழுதி முடித்ததும் கைநாட்டு. மைப்பெட்டியில் பெருவிரலை உருட்டி எடுத்துத் தாளில் வைப்பார்கள். பிறகு விரலைத் தலைமுடியில் தேய்த்துக்கொள்வார்கள். வெள்ளை வெளேரென்ற முடியில் ஊதா நிறத்தில் ஒரு கோடு. தெருவில் ஊதாக் கோட்டோடு யாராவது பாட்டி போனால், எங்கள் வீட்டிலிருந்து போகிறாள் என்று ஊருக்குத் தெரியும். மொட்டை போட்டவர்கள் சுவரில் தேய்ப்பார்கள். அம்மா ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிப்பார், மாசி பிறப்பதற்குள் சுவர் பழையபடி ஊதாவாகிவிடும். நான் பத்தாம் வகுப்புக்குப் படித்ததெல்லாம் அந்தச் சுவரில் சாய்ந்துதான்.

அப்பா எங்கள் மேல் பாசமானவர். பனங்கிழங்கை வேகவைத்தால் ஒரு நார்கூட இல்லாமல் உரித்துக் கையில் கொடுப்பார். சம்பள நாளன்று அம்மாவுக்குப் பூவும் எங்களுக்கு மிக்சரும் தவறியதில்லை. 1984-இல் நான் பிளஸ் டூ முடித்தேன். மதுரையில் கல்லூரியில் இடம் கிடைத்தது. அரசு விடுதியில் சேர வருமானச் சான்று வேண்டும். ஊருக்கெல்லாம் சான்று வாங்கிக் கொடுக்கிற வாத்தியாரின் மகளுக்கு அது ஒரு விஷயமா? “நாளைக்கு வாங்கிருவோம் கண்ணு” என்று இரண்டு வாரம் சொன்னார். கடைசித் தேதி முடிந்த மறுநாள் அவருக்கு ஞாபகம் வந்தது. விடுதி இல்லை, வெளியே தங்கிப் படிக்க வசதி இல்லை. ஒரு வருடம் வீட்டில் இருந்தேன். அப்பா அன்று சாப்பிடவில்லை. திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் முன்னறையில் மறுபடியும் ஆட்கள்.

அந்த ஒரு வருடத்தை நான் அப்பாவுக்கு மன்னிக்கவே இல்லை. அவர் இருந்தபோதும் மன்னிக்கவில்லை, போன பிறகும் இல்லை. அம்மா பாவம் என்று நினைத்துக்கொண்டேன். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு சுவருக்கு வெள்ளையடித்தே காலம் கழித்தவர் என்று. உங்கள் கடிதத்தில் அந்தப் ‘பாவம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது அதனால்தான்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு கிழவி வந்தாள். பந்தலில் ஒருவர் மைக்கைப் பிடித்து “தன்னலமற்ற” என்று தொடங்கிப் பேசிக்கொண்டிருந்தார். கிழவி நேராக அம்மாவிடம் போய், “டீச்சரம்மா, பணம் ரெண்டு மாசமா வரலை, ஒரு மனு எழுது” என்றாள். அம்மா டீச்சர் இல்லை, எட்டாம் வகுப்பு வரை படித்தவர். துக்க வீட்டில் இப்படிக் கேட்கிறாளே என்று எனக்கு ஆத்திரம். அம்மா எழுந்து உள்ளே போய்த் தாளும் கார்பனும் எடுத்துவந்து, அடுப்படித் தரையில் உட்கார்ந்து, யாரையும் எதுவும் கேட்காமல் விறுவிறுவென்று எழுதினார். ‘உயர்திரு வட்டாட்சியர் அவர்கள் சமூகத்துக்கு’. எனக்கு அப்போதும் புரியவில்லை. பழக்க தோஷத்தில் கற்றுக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அம்மாவும் போன பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மனுக்களின் கார்பன் நகல்கள், வருட வாரியாகக் கட்டிவைத்தவை. அப்பாவுடைய எழுத்து உருண்டையாக, கரும்பலகை எழுத்தாக இருக்கும். அம்மாவுடையது சாய்ந்து, சுழி சின்னதாக இருக்கும். கட்டுக் கட்டாகப் புரட்டினேன். பாதிக்கு மேல் சாய்ந்த எழுத்து. அப்பா பள்ளிக்கூடத்தில் இருந்த நேரமெல்லாம் மனு எழுதியது யார் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. நான் அந்த வீட்டில்தான் வளர்ந்தேன் தம்பி. அந்தச் சுவரில் சாய்ந்துதான் படித்தேன்.

கையோடு 1984 கட்டை எடுத்தேன். விடுதி விண்ணப்பத்தின் கடைசித் தேதி எனக்கு இன்றும் மனப்பாடம். அந்தத் தேதியில் மூன்று மனுக்கள் இருந்தன. மூன்றும் அம்மா எழுத்து.

அன்று மறந்தது அப்பா மட்டும் இல்லை. அம்மாவும் மறந்திருக்கிறார். யாரோ மூன்று கிழவிகளுக்கு மனு எழுதிக்கொண்டிருந்த மும்முரத்தில், பெற்ற மகளின் சான்று அவருக்கும் ஞாபகத்தில் இல்லை. நாற்பது வருடம் பழியெல்லாம் அப்பா தலையில், பரிதாபமெல்லாம் அம்மாவுக்கு என்று நான் பங்கு பிரித்து வைத்திருந்தேன். பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து முதலில் அழுதேன், அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவின் மேல் முதல் தடவையாக எனக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். வேலை செய்கிற ஒருவர் மேல் வருகிற கோபம் அது. பரிதாபம் காட்டிக் காட்டி அதுவரை அவரை ஒரு ஆளாகவே நான் மதிக்கவில்லை போலிருக்கிறது.

அதனால் அம்மா பெயரில் நீங்களே எழுதிவிடலாம் என்று இருக்கிறீர்களே, தயவுசெய்து அந்தக் காரியத்தைச் செய்யாதீர்கள். கேட்கும்போதே வயிற்றைப் பிசைகிறது. “என் கணவர் எனக்குக் கிடைத்த வரம்” என்று நீங்கள் எழுதுவீர்கள், அம்மா பேசாமல் இருப்பார், அது அச்சாகிவிடும். “என்னத்தைச் சொல்ல” என்று அவர் சொன்னதற்குச் சொல்லத் தெரியவில்லை என்று யார் அர்த்தம் சொன்னது? அப்பாவைப் பற்றி நாலு வார்த்தை சொல்லும்மா என்று கேட்டிருப்பீர்கள். எந்த மனைவியும் அதற்கு அப்படித்தான் பதில் சொல்வார். மத்தியானம் சாப்பாடு முடிந்து அம்மா காலை நீட்டி உட்காரும்போது அந்த நோட்டைக் கொண்டுபோய் மடியில் வையுங்கள். முதல் பெயரில் விரலை வைத்து “இது யாரும்மா?” என்று மட்டும் கேளுங்கள். போனில் பதிவு செய்ய வேண்டாம், பெயர் பெயராகக் கேட்டுக் கையால் எழுதிக்கொள்ளுங்கள். முதல் நாலு பெயருக்கு “யாரோ” என்பார். ஐந்தாவது பெயரில் தொடங்குவார் பாருங்கள். உங்கள் ஆர்ட் பேப்பர் போதாது.

அப்பா மேல் அவருக்கு இருந்த கோபமும் வரும். வரட்டும். அநாதைப் பிணத்தை அடக்கம் செய்துவிட்டு வருகிறவருக்கு ராத்திரி வெந்நீர் போட்டு வைத்தது யார், அந்தச் சட்டை வேட்டியைத் துவைத்தது யார், கட்டணத்துக்கு வசூல் குறைந்த மாதம் எந்த நகை அடகுக் கடைக்குப் போனது? எல்லாம் அவரிடம் கணக்காக இருக்கும். எனக்கு அதைக் கேட்க அம்மா இல்லை.

கவுன்சிலிங் விஷயத்தை மலரில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுதுங்கள். அதில் அவமானம் என்ன இருக்கிறது? மாமாவும் நீங்களும் ஒரு திரைக்கு முன்னால் முழித்துக்கொண்டு நின்றதை எழுதுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். நோட்டில் அந்தத் தேதியைத் தேடுங்கள். அன்று யாருக்கு என்ன ரத்தம் போயிற்று, யார் கொடுத்தார்கள், யார் கையெழுத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ரத்தம் வாங்கியவர் பிழைத்தாரா என்றும் அம்மாவிடம் கேளுங்கள். பிழைத்திருந்தால் உங்கள் கோபம் நியாயமில்லாமல் போய்விடும் என்று பயப்படாதீர்கள், போகாது. எனக்குப் போகவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு யோசித்தால், உங்கள் அப்பாவைப் பற்றி நான் எதுவுமே சொல்லவில்லை. காய்ச்சல் அடித்தால் ராத்திரி தூங்க மாட்டார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரிதான் முதல் முறை படித்தபோது கண்ணில் நீர் வரவைத்தது. அதை அப்படியே போடுங்கள், ‘தாயினும் சாலப் பரிந்து’ என்றெல்லாம் அலங்காரம் செய்துவிடாதீர்கள்.

நோட்டில் ஊர் முழுக்க ரத்த வகை இருக்கிறதே, உங்கள் அம்மாவுடையது இருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

மலர் வந்ததும் ஒன்று அனுப்பிவையுங்கள். ஆர்ட் பேப்பராகவே இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அக்கா